ஒலி காத்த அறிஞர் ஆர்னால்டு பாக்கே

உலகத்துப் பொருள்களுள் ஒலியினும் விரைந்து மறைவது பிறிதொன்றில்லை. கல்லிற் பொறித்த எழுத்து ஆயிரம் ஆண்டு நிற்கும். ஏட்டில் எழுதிய செய்யுள் பல தலைமுறை வாழும். பாடுவோன் வாய்மூடிய கணமே பாட்டோ காற்றிற் கலந்துவிடும். வல்வில் ஓரியின் கொல்லிமலையைப் புகழ்ந்த சங்கச் செய்யுட்கள் இன்றும் நம் கையில் உள்ளன. அம்மலைவாணர் அந்நாளில் பாடிய இசையில் ஒரு துளியும் எஞ்சவில்லை. இத்தகைய இழப்பினைத் தம் காலத்திலேனும் தடுக்க முயன்ற அறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆர்னால்டு பாக்கே 1899-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு ஹில்வர்சம் நகரிற் பிறந்தார். வாய்ப்பாட்டும் வடமொழியும் ஒருங்கே பயின்றமையால் அவருள்ளம் இந்திய இசையின்பாற் சென்றது. 1925-இல் மனைவியாருடன் சாந்திநிகேதனம் அடைந்து, இரவீந்திரநாத தாகூரின் பாடல்களைக் கற்றுத் தாமே பாடும் திறம் பெற்றார். தாமோதரர் இயற்றிய சங்கீத தர்ப்பணத்தை ஆராய்ந்து, 1930-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் எய்தினார். தாகூர் பாடல்கள் 26-ஐ இசைக்குறிப்புடன் 1935-இல் பாரிஸ் நகரில் வெளியிட்டார்.

ஆயினும், நூலில் அடங்காத இசை நாட்டுப்புறத்திலே மிகுந்திருத்தலை அவர் கண்டார். முதலில் மெழுகு உருளையிற் பதிக்கும் கருவியுடன் நேபாளம், இலங்கை முதலிய இடங்களுக்குச் சென்றார். அக்கருவியின் ஊதுகுழலுக்கு மிக அருகில் நின்று உரத்துப் பாடுதல் வேண்டும். ஓர் உருளையிற் சில நிமிடப் பாட்டே அடங்கும். பின்னர், மின்விசையால் இயங்கும் டெஃபி என்னும் கருவியைக் கைக்கொண்டார். அது வளையமாக ஓடும் படச்சுருளில் ஒலியைப் பதிப்பது. அதனையும் திரைப்படக் கருவியையும் சுமந்து, 1938-இல் தமிழகம், கேரளம், கன்னட நாடு ஆகிய பகுதிகளிற் பாட்டும் கூத்தும் பதிவு செய்தார்.

ஊதுகுழல் அருகிலுள்ள உரத்த குரலையே பற்றும். ஒலிவாங்கியோ காற்றையும் காக்கையையும் வண்டியோசையையும் ஒருசேர ஏற்கும். மனிதச்செவி வேண்டாதவற்றை ஒதுக்கிக் கேட்கவல்லது. ஒலிவாங்கிக்கு அவ்விவேகம் இல்லை. ஆதலால் திறந்த வெளியிற் பதிவு செய்வோனே அதன் விவேகமாதல் வேண்டும். வட்டமாக நின்று பாடுவோர்க்கு நாற்றிசையும் ஏற்கும் ஒலிவாங்கி தகும். ஒருவர் பாட்டிற்கு முன்புறத்தை மிகுதியாக ஏற்று, பின்புறத்தைத் தள்ளும் வகை நன்று. அதன் பின்புறம் இரைச்சலை நோக்கி இருத்தல் வேண்டும். பாடுவோர்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால், குரலின் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தொலைவிலுள்ள இரைச்சலோ உள்ளபடியே நிற்கும். ஆதலின் விலையுயர்ந்த கருவியினும் அணுகி வைத்தலே பெரிது. திசைநோக்கி ஏற்கும் வகை காற்றின் மோதலுக்கு எளிதில் இடங்கொடுக்குமாதலின், அதற்குப் பஞ்சுறையும் மயிருறையும் இன்றியமையாதன.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பாக்கே இந்தியாவிலேயே தங்கினார். 1948 முதல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு ஆப்பிரிக்கக் கல்விப் பள்ளியில் இந்திய இசை கற்பித்து, 1963-இல் காலஞ்சென்றார். அவர்தம் மாணவர் நசீர் ஜைராஸ்பாய் 1984-இல் பழைய பதிவுகளுடன் அதே வழியிற் பயணஞ்செய்து, அவ்வூர் மக்களுக்கு அவற்றைக் காட்டினார். சில கலைகள் நிலைத்திருந்தன, சில உருமாறியிருந்தன, சில தேய்ந்திருந்தன. தேய்ந்தவற்றிற்கு அப்பதிவுகளே சான்றாயின. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர்.

நம் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இன்று பாக்கே கனவிலும் கண்டிராத சிறுகருவி உள்ளது. கொல்லிமலை ஏறுவோர் பலரும் ஆகாயகங்கையைப் படம்பிடித்து மீள்கின்றனர். அருவி நாளையும் வீழும். அம்மலைவாழ் மலையாளி மக்களுள் முதியோர் பாடும் பாட்டிற்கு அவ்வுறுதி இல்லை. அவர்தம் இசைவைப் பெற்று, அருவியின் ஆரவாரத்திற்கு அப்பால், மரநிழலில் அவர்களை அமர்த்தி, ஒலிவாங்கியை ஒரு சாண் தொலைவில் வைத்து, பெயரும் ஊரும் நாளும் முதலிற் பதிந்து, பொறுமையுடன் கேட்பாராக. பதிவின் படி ஒன்றை அவர்களுக்கே அளிப்பாராக. பாக்கே பெருமானுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாம்.