சென்னைக்குக் கைதியாக வந்த கண்டி ராஜா

ராயபுரத்தை அடுத்து, சென்னைத் துறைமுகம் இருக்கிறது. 1816-ம் ஆண்டில் அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போடும். மசூலா படகுகளில் ஆட்களை ஏற்றி, அலைகளைத் தாண்டிக் கரை சேர்ப்பார்கள்.

அந்த ஆண்டில், கொழும்பில் இருந்து "கார்ன்வாலிஸ்" என்ற கப்பல் சென்னைக்கு வந்தது. அதில் ஒரு ராஜா கைதியாக இருந்தான். அவன்தான் கண்டியின் கடைசி மன்னன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்!

பொம்மை ராஜா

அவனது இயற்பெயர் கண்ணுசாமி. நாயக்கர் வம்சத்தைச் சேர்ந்தவன். 1798-ல் கண்டி மன்னன் வாரிசு இல்லாமல் இறந்தான். முதல் மந்திரி பிலிமத்தலாவை, இளைஞனான கண்ணுசாமியை அரியணையில் ஏற்றினான். பெயருக்கு ஒரு ராஜாவை வைத்துவிட்டு, தானே ஆளலாம் என்பது மந்திரியின் கணக்கு. ராஜா அதற்கு மசியவில்லை. அரண்மனையில் பகை மூண்டது.

வெள்ளையர் கண்

1796-ல் இலங்கையின் கரையோரத்தை டச்சுக்காரர்களிடம் இருந்து ஆங்கிலேயர் பிடித்திருந்தனர். நடுவே, மலைநாடான கண்டி மட்டும் தனி அரசாக நின்றது. அதையும் பிடிக்க, 1803-ல் படை அனுப்பினார்கள். முத்துசாமி என்பவனுக்கு முடி சூட்டினார்கள். மக்கள் அவனை ஏற்கவில்லை. காய்ச்சலால் படை நலிந்தது. கண்டி வீரர்கள் அதை அழித்தார்கள். முத்துசாமியும் கொல்லப்பட்டான்.

பிறகு ஆங்கிலேயர் வழியை மாற்றினார்கள். ஜான் டாயிலி என்ற அதிகாரி சிங்களம் கற்றவன். அவன் கண்டிப் பிரதானிகளுடன் இரகசியமாகத் தொடர்பு கொண்டான்.

1814-ல் எகலப்பொலை என்ற பிரதானி கலகம் செய்து, ஆங்கிலேயரிடம் ஓடினான். ஆத்திரம் கொண்ட ராஜா, அவனது மனைவியையும் குழந்தைகளையும் கொன்றான். நாடே நடுங்கியது. மக்கள் ராஜாவை வெறுத்தார்கள். ஆங்கிலேயர் காத்திருந்த நேரம் வந்தது!

பிடிபட்டான்

1815 பிப்ரவரியில், பெரிய சண்டை இல்லாமலே ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்தது. ஒளிந்திருந்த ராஜா பிடிபட்டான். மார்ச் 2-ந் தேதி பிரதானிகள் ஒப்பந்தம் செய்து, நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள்.

சென்னையில் இறக்கப்பட்ட ராஜா, வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டான். 16 ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 1832 ஜனவரி 30-ல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவனது சமாதி இருக்கிறது.

எகலப்பொலைக்கும் அரியணை கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் அவனையே மொரீசியஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1829-ல் அங்கே மாண்டான்.

ராஜாவும் கண்டியை மறுபடி பார்க்கவில்லை. ராஜாவைக் கவிழ்த்தவனும் பார்க்கவில்லை. இருவர் சண்டையில், நாடு மூன்றாமவன் கைக்குப் போயிற்று!