இசைக்கடல் கடைந்த ஆபிரகாம் பண்டிதர்



தமிழிசையின் பழைய வரலாற்றைத் தேடி, தம் கைக்காசையும் வாழ்நாளையும் செலவிட்ட பெரியவர் ஒருவரை இங்கே நினைவுகூர்வோம்.

நெல்லைச் சீமையில் சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் பயிற்சி பெற்றுப் பள்ளி வாத்தியாராக வேலை பார்த்தார். சித்த வைத்தியமும் கற்றார். பிறகு தஞ்சாவூரில் குடியேறி, மூலிகைத் தோட்டம் போட்டு, மருந்து செய்து விற்றார். பெயரும் வந்தது, பணமும் வந்தது. ஊரார் அந்த இடத்தைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள்.

சம்பாதித்த பணத்தை அவர் இசை ஆராய்ச்சியில் போட்டார்.

அந்நாளில் இசை பயின்ற பிள்ளைகள் பாடியவை பெரும்பாலும் தெலுங்குப் பாடல்கள். பொருள் புரியாமல் பாடினால் மனத்தில் ஒட்டுமா? ஆகவே தமிழிலேயே பாடல்கள் இயற்றி 1907இல் நூலாக்கினார். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களைத் தம் செலவில் வரவழைத்து மாநாடுகள் நடத்தினார்.

அங்கே எழுந்த பெரிய கேள்வி இதுதான்: கீழ் ‘ச’ முதல் மேல் ‘ச’ வரை நுண்ணிய சுருதிகள் எத்தனை? பழைய வடமொழி நூல்களைப் பின்பற்றியோர் 22 என்றனர். பண்டிதரோ சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தார். ஆய்ச்சியர் எழுவர் ஏழு சுரங்களின் பெயர் தாங்கி, வட்டமாய் நின்று ஆடும் குரவையை ஆராய்ந்தார். வீணைத் தந்தியின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தார். சமமான 24 சுருதிகளே சரி என்று வாதிட்டார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிலும் துணிந்து அதையே சொன்னார்.

அவ்வளவு உழைப்பும் 1917இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் என்னும் நூலாக வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1919இல், அவர் கண்மூடினார்.

24 என்ற கணக்கை அறிஞர் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் சிலப்பதிகாரத்துக்குள்ளே நம் முன்னோரின் இசையிலக்கணம் இருக்கிறது, தேடுங்கள் என்று அவர் காட்டிய வழி அடைபடவில்லை. விபுலானந்த அடிகளும் அந்தப் பழைய நூலை ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழைப் பற்றி 1947இல் யாழ்நூல் தந்தார்.

பிள்ளைகளே, கிராமத்து வாத்தியார் ஒருவர் பெரிய வித்துவான்கள் சபையில் எழுந்து கேள்வி கேட்டார். கேட்டதோடு நிற்காமல், விடை தேடி ஆண்டுக்கணக்காய்ப் பாடுபட்டார். நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை பாடினால் சத்தம் போடாதே என்று அதட்டாமல், கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.