நியூட்டனும் துருத்திக் காமிராவும்

நியூட்டன் என்றவுடன் பலருக்கும் ஆப்பிள் மரம் நினைவுக்கு வரும். புகைப்பட நிலையம் நடத்தியவரின் மகனாகிய எனக்கோ, மூன்று கால் தாங்கியில் நின்ற துருத்திக் காமிராவே நினைவுக்கு வருகிறது.

இங்கிலாந்தின் பழைய நாட்காட்டிப்படி 1642 கிறிஸ்துமஸ் நாளன்று உல்ஸ்தார்ப் சிற்றூரில் ஐசக் நியூட்டன் பிறந்தார். பிறக்குமுன்பே தந்தை மறைந்தார். மூன்று வயதில் தாயும் மறுமணம் செய்துகொண்டு பிரிந்துசெல்ல, பாட்டி வளர்த்தார். பின்னர் பண்ணையைக் கவனிப்பதற்காகத் தாயார் பள்ளிப் படிப்பை நிறுத்தினார். தாய்மாமனும் தலைமையாசிரியரும் வற்புறுத்தியதால் படிப்பு தொடர்ந்தது. 1661இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது, பணிவிடை செய்து செலவைச் சரிக்கட்டும் ஏழை மாணவராகவே சேர்ந்தார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோருக்கு இச்செய்தி பெரும் ஊக்கமாகும்.

1665இல் கொள்ளைநோயால் கல்லூரி மூடப்பட, ஊர் திரும்பிய அவர் கணிதத்திலும் ஒளியிலும் ஈர்ப்பிலும் சிந்தையைச் செலுத்தினார். 1668இல் எதிரொளிப்புத் தொலைநோக்கி செய்தார். 1687இல் பிரின்சிபியா வெளிவந்தது. சச்சரவுகளுக்கு அஞ்சி நெடுநாள் வெளியிடாதிருந்த ஒளியியல் நூலை 1704இல் அச்சிட்டார்.

அந்நூலில் லென்ஸ் பற்றிய ஒரு விதி உண்டு. முன்குவியத்திலிருந்து பொருளின் தூரத்தையும், பின்குவியத்திலிருந்து பிம்பத்தின் தூரத்தையும் பெருக்கினால், குவியதூரத்தின் வர்க்கம் கிடைக்கும் என்பதே அதன் சாரம்.

150 மி.மீ. குவியதூர லென்சை எடுத்துக்கொள்வோம். மிகத் தொலைவான மலைக்கு, லென்சிலிருந்து 150 மி.மீ. தூரத்தில் ஃபிலிம் இருந்தால் போதும். 1,650 மி.மீ. தூரத்தில் ஒருவர் அமர்ந்தால், முன்குவியத்திலிருந்து அவர் 1,500 மி.மீ. தள்ளியிருப்பார். 22,500ஐ 1,500ஆல் வகுத்தால் 15. ஆகவே ஃபிலிம் 165 மி.மீ. தூரத்தில் இருக்கவேண்டும். 300 மி.மீ. தூரத்திலுள்ள பூவுக்கோ ஃபிலிமும் 300 மி.மீ. பின்னால் போகும், பூ அசல் அளவிலேயே பதியும். ஆனால் ஒளி கால்பங்காகக் குறைவதால் நான்கு மடங்கு நேரம் ஒளி காட்டவேண்டும்.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, மங்கற்கண்ணாடியில் தலைகீழ் உருவத்தைக் கண்ணால் சரிபார்ப்பதே என் தந்தையாரின் வழக்கம். துருத்தி எட்டுமா என்பதைக் காமிராவைத் திறக்குமுன்பே சொல்லிவிடுவது இந்தக் கணக்கு. விலையுயர்ந்த ஃபிலிம் தாள் வீணாகாதிருக்க இது எத்தகைய உதவி!

நியூட்டன் 1727இல் மறைந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். தாம் காணாத கருவிக்கும் 135 ஆண்டுகள் முன்னதாகவே கணக்கு எழுதிவைத்த பெருமை, பண்ணையில் முடங்கவிருந்த அந்தச் சிறுவனுடையது. படிப்பை நிறுத்த நேரும் ஒரு பிள்ளைக்காக நாமும் ஒரு சொல் பேசுவோமாக!