காவலூர் மலையில் வானத்தை வாசித்த வைணு பாப்பு

பிறை தேடும் நாட்களில் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு மற்ற நாட்களில் அதை மறந்துவிடுகிறோம். நம் முன்னோர்கள் அப்படி இருக்கவில்லை. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964-ல் எழுதி முடித்த நட்சத்திர நூலில், இன்று ஆண்ட்ரோமெடா கேலக்ஸி என்று அறியப்படுவதை ஒரு சிறு மேகமாகக் குறித்து வைத்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தையும் தரம் பிரித்து எழுதினார். ஒளியை அளந்து வகைப்படுத்தும் அந்தப் பணியை நமது காலத்தில், தமிழ்நாட்டு மலையொன்றிலிருந்து நடத்திக் காட்டியவர் வைணு பாப்பு. நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

நிஜாமியாவில் வளர்ந்த பிள்ளை

பாப்பு 1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்தார். பூர்வீகம் வட மலபார். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் பணியாற்றினார். அக்கூடம் நவாப் ஸஃபர் ஜங் தம் சொந்தச் செலவில் 1901-ல் தொடங்கியது. அவர் காலத்துக்குப் பின் நிஜாம் அரசு ஏற்று நடத்தியது. உலக நாடுகள் வானத்தைப் பங்கு பிரித்துப் படமெடுத்துப் பட்டியலிட்டபோது, ஒரு பங்கைச் செய்து முடித்த பெருமை நிஜாமியாவுக்கு உண்டு. ஒரு நவாப் கல்விக்காகச் செலவிட்ட பணம், யாரோ ஒரு ஊழியரின் மகனுக்கு வானத்தின் வாசலைத் திறந்துவிட்டது. தொலைநோக்கிகளுக்கு நடுவே வளர்ந்த பாப்பு, மாணவராக இருக்கும்போதே ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் 1949-ல் ஹார்வர்டு சென்றார். அதே ஆண்டு ஜூலையில், தாம் எடுத்த புகைப்படத் தகட்டில் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். பாப்பு, போக், நியூகிர்க் ஆகிய மூவரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

ஒளியின் கையெழுத்து

இரவில் குளச்சல் கடற்கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் படகு விளக்குகள் தெரியும். மங்கலாகத் தெரிவது பக்கத்திலிருக்கும் சிறு விளக்கா, வெகு தொலைவிலிருக்கும் பெரிய விளக்கா என்று சொல்ல முடியாது. விளக்கின் உண்மையான பிரகாசம் தெரிந்தால் மட்டுமே தூரத்தைக் கணக்கிடலாம். நட்சத்திரங்களிலும் இதே சிக்கல்தான்.

நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்தால் நிறமாலை கிடைக்கும். அதன் இடையே கருங்கோடுகள் தெரியும். குளிர்ந்த நட்சத்திரங்களில், கால்சியம் உண்டாக்கும் கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்றும் இருக்கும். அந்தக் கோடு எவ்வளவு அகலமோ, அந்த அளவுக்கு அந்த நட்சத்திரம் இயல்பிலேயே பிரகாசமானது. அமெரிக்க அறிஞர் ஓலின் வில்சனுடன் சேர்ந்து பாப்பு இதைக் கண்டறிந்தார். 1957-ல் வெளியான இந்த முடிவு, வில்சன்–பாப்பு விளைவு என்று உலகெங்கும் பாடமாக உள்ளது. நட்சத்திரத்தின் தூரத்தை அறிய அது ஓர் அளவுகோலாயிற்று.

திரும்பி வந்தவர்

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். ஆனால் 1953-ல் தாயகம் திரும்பினார். உத்தரப்பிரதேச அரசின் வானாய்வுக் கூடத்தை நைனிதாலில் நிலைநிறுத்தினார். 1960-ல் கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். அப்போது வயது 33 கூட நிறையவில்லை.

கொடைக்கானல் சூரியனை ஆராய்ந்த இடம். இரவு வானத்துக்கு வேறு இடம் தேடி, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். ஊர் வெளிச்சம் எட்டாத காடு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். 1968-ல், உள்நாட்டிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸின் வளையங்களை வெளிப்படுத்திய 1977 மார்ச் 10 நிகழ்வு காவலூரிலும் பதிவானது. கேலக்ஸிகளின் நடுப்பகுதியில் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்று அளக்கும் ஆய்வுகளும் அங்கே நடந்தன.

1971-ல் உருவான இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய முடியும் என்று உறுதியாக நின்று, வேலையைத் தொடங்கி வைத்தார்.

1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1982 ஆகஸ்டில் ஒன்றியத்தின் மாநாடு கிரேக்க நாட்டில் நடந்துகொண்டிருந்தபோது, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் 19-ஆம் தேதி மியூனிக் நகரில் காலமானார். வயது 55. அவர் கனவு கண்ட தொலைநோக்கி 1986 ஜனவரி 6-ல்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இன்று அந்தத் தொலைநோக்கிக்கும் காவலூர் ஆய்வுக்கூடத்துக்கும் அவர் பெயர்தான்.

தாம் ஒருமுறைகூடக் கண் வைத்துப் பார்க்காத கருவியை வரப்போகிற மாணவர்களுக்காக அவர் விட்டுச் சென்றார். ஸஃபர் ஜங்கும் அப்படித்தான் விட்டுச் சென்றார். ஒருவர் மறைந்த பின்னும் பயன் தந்துகொண்டிருக்கும் கல்வியின் மதிப்பை நாம் நன்கு அறிந்தவர்கள். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் தேங்காப்பட்டணத்திலும் உள்ள பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நட்சத்திரத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால், பேசாமல் படி என்று அடக்கிவிடாதீர்கள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் போகும்போது காவலூர் மலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். நம் சமுதாயத்தின் செல்வர்களும் ஒரு பள்ளிக்கூடத்துக்காவது ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுக்கட்டும்.