மூளைக்குள் வழி கண்ட மேதை

அறிஞர்களின் வெற்றிகளை மட்டுமே படித்துப் பழகியவர்கள் நாம். தம் தோல்விகளையும் ஏட்டில் எழுதி வைத்து, அவற்றையே படிகளாக்கி உயர்ந்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். விலங்கியல் மாணவனாகிய நான் அவர் பெயரை முதலில் அறிந்தது பாடநூலால் அன்று. என் பெரியம்மாவின் நோயால்.

பெரியம்மாவுக்குக் கால் மெட்டி இறுகியது. வளையல் கையில் ஏறவில்லை. முகம் தடித்து, பழைய நிழற்படத்தில் இருப்பவர் வேறு யாரோ என்று தோன்றியது. வயதானால் உடல் பருப்பது இயல்பே என்று நாங்கள் இருந்துவிட்டோம். பிறகு நடக்கும்போதெல்லாம் கதவு நிலையில் தோள் இடிக்கத் தொடங்கியது. இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை குறைந்திருப்பதைக் கண்ட கண் மருத்துவர், கோளாறு கண்ணில் இல்லை, மூளையின் அடியில் இருக்கலாம் என்றார்.

மூக்கின் பின்னே, மண்டையோட்டின் அடித்தளக் குழியில், பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. அதற்கு மேலேதான் இரு கண்களின் பார்வை நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கின்றன. சுரப்பியில் கட்டி வளர்ந்து மேலெழுந்தால் அந்தச் சந்திப்பை அழுத்தும்; பக்கப் பார்வை மறையும். வளர்ச்சிச் சுரப்பு மிகுந்தால் கையும் காலும் முகமும் பெருக்கும். இக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆயினும் அவை இருக்கும் இடமே ஆபத்தானது.

குஷிங் 1869 ஏப்ரல் 8 அன்று ஒஹையோ மாநிலக் கிளீவ்லாந்து நகரில், மருத்துவர் குடும்பமொன்றில் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் பயின்றபோது, அவர் ஈதர் மயக்கம் கொடுத்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். மனம் உடைந்த அவர் படிப்பையே விட நினைத்தார். ஆனால் விடவில்லை. நண்பர் காட்மனுடன் சேர்ந்து, மயக்கத்தின்போது நாடியையும் மூச்சையும் இடைவிடாது குறிக்கும் அட்டவணையை உருவாக்கினார். 1901இல் இத்தாலியில் கண்ட இரத்த அழுத்தக் கருவியையும் அமெரிக்க அறுவைக் கூடத்திற்குக் கொண்டுவந்தார்.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில் அவரிடம் ஒரு சிறுமி வந்தாள். உடல் பருமன், பருவம் எய்தாமை, மங்கும் பார்வை. மண்டையைத் திறந்தும் அவர் கட்டியைக் காணவில்லை. அவள் இறந்தபின் நடந்த சோதனையில், கட்டி பிட்யூட்டரியின் இடத்தில் இருந்தது தெரிந்தது. அத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. அச்சுரப்பியே அவர் வாழ்நாள் ஆய்வாயிற்று.

1907இல் ஆஸ்திரியாவின் ஷ்லாஃபர் மூக்கு வழியே இக்கட்டியை அகற்றிக் காட்டியிருந்தார். குஷிங் அவ்வழியைச் செம்மைப்படுத்தி, மேலுதட்டின் உட்புறம் கீறிச் சென்றார். 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு அவ்வாறு அறுவை செய்தார். உயிரிழந்தோர் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. பெனிசிலினும் நுண்ணோக்கியும் மூளை அறுவைக்கு வராத காலம் அது! 1912இல் பிட்யூட்டரி பற்றிய பெருநூலை வெளியிட்டார். முகம் வட்டமாகி, வயிறு பருத்து, இரத்த அழுத்தம் ஏறும் நோய்க்கு இச்சுரப்பியின் சிறுகட்டியே காரணம் என 1932இல் 12 நோயாளிகளைக் கொண்டு விளக்கினார். இன்று அது குஷிங் நோய் எனப்படுகிறது.

பிற்காலத்தில் அவரே மூக்கு வழியைக் கைவிட்டு, மண்டை வழிக்குத் திரும்பினார். பிறரும் பின்பற்றினர். அவரிடம் பயின்ற எடின்பரோ மருத்துவர் டாட் அதை விடாது காத்தார். அவரிடமிருந்து பாரிசின் கியோவும், அவரிடமிருந்து மான்ட்ரியாலின் ஹார்டியும் கற்றனர். 1960களில் ஹார்டி நுண்ணோக்கியைச் சேர்த்ததும் அவ்வழி உலகெங்கும் மீண்டும் பரவியது. ஆசானே விட்ட விளக்கை மாணவர் அணையாமல் காத்த கதை இது!

1939 அக்டோபர் 7 அன்று குஷிங் மாரடைப்பால் மறைந்தார். ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மூளைக்கட்டிகளுக்கு அறுவை செய்த அவரது மூளையிலேயே ஒரு சிறு நீர்க்கட்டி இருந்ததைப் பிணச்சோதனை காட்டியது.

இன்று எம்.ஆர்.ஐ. படம் கட்டியை மில்லிமீட்டர் கணக்கில் காட்டுகிறது. இரத்தச் சோதனை சுரப்பின் அளவைச் சொல்கிறது. புரோலாக்டின் சுரக்கும் கட்டிகள் பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்குகின்றன. மற்றவற்றுக்கு மூக்கு வழியே உள்நோக்கிக் குழாய் செல்கிறது. பெரியம்மாவுக்கும் அப்படியே செய்தார்கள். தலையில் ஒரு தழும்பும் இல்லை. பெருத்த எலும்புகள் திரும்பவில்லை. முகம் பழைய முகமாகவில்லை. ஆனால் வீக்கம் வடிந்து, பக்கப் பார்வை தெளிந்தது. சென்ற பொங்கலன்று, பெட்டியில் கிடந்த மெட்டியை அவரே எடுத்து அணிந்துகொண்டார். கதவு நிலையில் இடிக்காமல் நடந்து வந்து எங்களுக்குக் காட்டினார்.