மெட்ரிக் படிப்போடு நின்ற பறவை மேதை

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாட்களில், பகல் பத்து மணிக்கு மேல் சந்திரகிரிக் கோட்டை மலையை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தெரியும். பாறை சூடேறியதும் அதைத் தொட்ட காற்று மேலே கிளம்புகிறது. அந்தக் காற்றில் ஏறிப் பருந்துகள் சிறகை அசைக்காமலே வட்டமிட்டு உயரப் போகின்றன. உச்சிக்குப் போனதும் அப்படியே சறுக்கி அடுத்த மலைக்குப் போய், அங்கே மறுபடி ஏறுகின்றன. பெட்ரோல் செலவில்லாத பயணம்! தெற்கே பனிக்காலத்தைக் கழித்த பூனைப்பருந்து போன்ற பறவைகள் மத்திய ஆசியாவுக்குத் திரும்புவது இந்த மாதங்களில்தான்.

எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எத்தனை வருகிறது, எப்போது போகிறது என்று நம் நாட்டில் முறையாகக் கணக்கெடுக்க வழி வகுத்தவர்களில் முதல்வராகச் சொல்லத்தக்கவர் டாக்டர் சலீம் அலி. டாக்டர் என்பது பல்கலைக்கழகங்கள் பிற்காலத்தில் கௌரவமாகக் கொடுத்த பட்டம். அவர் படித்துத் தேறியது மெட்ரிகுலேஷன்தான். அதுவும் தட்டுத் தடுமாறி, 1913-ல்.

1896 நவம்பர் 12-ந் தேதி பம்பாயில், வீட்டின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தகப்பனாரையும் மூன்று வயதில் தாயாரையும் இழந்த பிள்ளையை மாமா அமிருதீன் தயாப்ஜி வளர்த்தார். பையனுக்கு விளையாட்டு, பொம்மைத் துப்பாக்கியால் சிட்டுக்குருவி அடிப்பது. ஒரு நாள் விழுந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே காரியதரிசியாக இருந்த மில்லர்டு என்ற வெள்ளைக்காரர் குருவியின் பெயரைச் சொன்னதோடு, பதப்படுத்தி வைத்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். பையன் அன்று போன வழியிலிருந்து கடைசி வரை திரும்பவில்லை.

ஆனால் பறவை சோறு போடுமா? கணக்குப் பாடம் வராத சலீம் அலி, பர்மாவில் தவாய் என்ற ஊருக்குப் போய், அண்ணனுடைய சுரங்க, மரத் தொழிலில் சேர்ந்தார். வியாபாரத்தைவிடக் காட்டில் சுற்றிய நேரமே அதிகம். 1918-ல் தெமினா என்ற பெண்ணை மணந்தார். பர்மா வியாபாரம் நொடித்தது. பம்பாய்க்குத் திரும்பி வேலை தேடினார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவை நிபுணர் பதவி காலியாக இருந்தது. காலேஜ் பட்டம் இல்லை என்பதால் அது அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டம் இல்லாமல் ஆபீஸ் படி ஏறி இறங்கியவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

வேலை போயிற்று

1926-ல் பம்பாய் மியூசியத்தில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 350 ரூபாய், அந்தக் காலத்தில் நல்ல தொகை. இரண்டு வருஷத்தில் லீவு போட்டு ஜெர்மனி போய், பெர்லின் மியூசியத்தில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பாடம் கேட்டார். பறவையைப் பிடித்துக் காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டிப் பறக்க விடும் முறையையும் அங்கே கண்டார். 1930-ல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்து விட்டிருந்தார்கள்.

மனைவியும் அவரும் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் குடியேறினார்கள். பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக் கொண்டிருந்தன. வேலையில்லாத மனிதர் மாதக்கணக்கில் அதையே பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால் குடியேறும். உடனே ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து இன்னொரு பெண்ணை அழைக்கும். இதை அவர் எழுதிய பிறகுதான் உலக விஞ்ஞானிகள் அவர் பெயரைக் கவனித்தார்கள். வேலை போகாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

பிறகு சமஸ்தானங்களை அணுகினார். சம்பளம் வேண்டாம், வழிச்செலவு மட்டும் கொடுத்தால் போதும் என்று ஏற்பாடு செய்து, ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று காடு காடாகப் பறவைக் கணக்கு எடுத்தார். இங்கிலாந்தில் படித்த தெமினா கூடாரத்திலும் மாட்டு வண்டியிலும் அவருடன் அலைந்தார். 1939-ல் ஒரு சிறிய ஆபரேஷனுக்குப் பின் அந்த அம்மாள் இறந்து போனார். சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. 1941-ல் வெளிவந்த அவருடைய பறவைப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. அமெரிக்கரான டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன.

கோடிக்கரையில் வளையம்

1957-ல் மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா காட்டில் குரங்குக் காய்ச்சல் கிளம்பியது. ரஷ்யாவில் உள்ள ஒரு காய்ச்சலை அது ஒத்திருந்ததால், வலசை வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வருகின்றனவோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் பண உதவி செய்ய, பறவைக்கு வளையம் மாட்டும் வேலை பெரிய அளவில் தொடங்கியது. வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடிக்கரையில் வலை கட்டி ஆயிரக்கணக்கில் பறவை பிடித்து வளையமிட்டார்கள். நம் நாட்டு வளையத்தோடு சைபீரியா வரை போய்ச் சிக்கிய பறவைகள் உண்டு. 1967-ல் கோடிக்கரை சரணாலயம் ஆனதில் அவருக்குப் பங்கு உண்டு.

1980-களில் சங்கத்து ஆராய்ச்சியாளர்கள் கர்னூல் மாவட்டம் ரோல்லபாடு புல்வெளியில் கானமயிலை ஆராய்ந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் புல்லில் தங்க வரும் பூனைப்பருந்துகளையும் எண்ணினார்கள். இருட்டுவதற்குள் எண்ணி முடித்தாக வேண்டும். ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது. பொறுமைக்காரர் வேலை.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. ரேணிகுண்டாவிலிருந்து பம்பாய் ரயில் போகும் வழியிலுள்ள கடப்பாவுக்கு அருகே, புதர்க்காட்டில் கலிவிக்கோடி என்று தெலுங்கில் அழைக்கப்படும் ஒரு பறவை இருந்தது. 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று பலர் கைவிட்டார்கள். பம்பாய் சங்கம் விடவில்லை. சங்கத்தைச் சேர்ந்த பரத் பூஷண் ஊர் ஊராகப் படத்தைக் காட்டி விசாரித்தார். 1986 ஜனவரியில், இரவு நேரத்தில் டார்ச் விளக்கொளியில், உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் அதை உயிரோடு பிடித்தார். அப்போது சலீம் அலிக்கு வயது 89. பின்னால் அந்தக் காடு சரணாலயம் ஆயிற்று. பறவைக்காகத் தெலுங்கு கங்கைக் கால்வாயின் பாதையையே மாற்றினார்கள்.

1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்ம விபூஷண், 1985-ல் ராஜ்யசபை நியமனம் என்று கௌரவங்கள் வந்தன. 1976-ல் கிடைத்த 50,000 டாலர் கெட்டி பரிசு, இயற்கைப் பாதுகாப்பு நிதிக்குப் போயிற்று. 1987 ஜூன் 20-ந் தேதி பம்பாயில் காலமானார். அவர் பெயரில் 1990-ல் பறவை ஆராய்ச்சி மையம் அமைந்தது. அது பம்பாயில் இல்லை, நம் கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில் இருக்கிறது.