கணக்குக் கேட்ட கலெக்டர்

குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் கட்டும் உதகைத் தோழர்களுக்கு இன்று ஜான் சல்லிவனை நினைவூட்டுகிறோம். 1819-ல் நீலகிரி ஏறிய கோவைக் கலெக்டர். 1823-ல் ஓடைகளை மறித்து ஏரி அமைக்கத் தொடங்கி, 1825-ல் முடித்தார். கும்பெனி உத்தியோகஸ்தர்தான், அவருக்கு மாலை சூட்ட நாம் வரவில்லை. ஆயினும், மலை நிலம் தோடர்களின் சொத்து, எடுத்துக்கொண்டால் விலை கொடுக்கத்தான் வேண்டும் என்று தம் மேலிடத்தோடேயே மல்லுக்கு நின்றார். மேலிடம் இணங்கவில்லை. சீமைக்குத் திரும்பிய பின்பும் அவர் வாய் மூடவில்லை. இந்தியக் குடியானவன் கட்டிய வரிப்பணம் லண்டனுக்கு வழிந்தோடுவதைக் கண்டித்தார். 1855-ல் மறைந்தார்.

அவர் அமைத்த ஏரியில் பின்னர் ஊர்ச் சாக்கடை கலந்தது. குடிதண்ணீர் பார்சன்ஸ் வேலியிலிருந்து வரவேண்டியதாயிற்று. ஏரியைக் கெடவிட்டவர் யார்? கட்டணச் சீட்டும் கையுமாகப் போய் நகரமன்றத்தாரைக் கேளுங்கள், தோழர்களே!